மது அருந்தி வண்டி செலுத்துதலும் தண்டனையின் வலிமையும்

குற்றத்தைக் குறைக்க வேண்டுமாயின் தண்டனையைக் கூட்டுதல் வேண்டும் என்பது மக்கள் மனத்தில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கும் எண்ணமாகும். மது மயக்கத்தில் ஒருவன் செலுத்திய வண்டியாற் குழந்தையொன்று மாண்டது என்னும் செய்தி வெளிவந்தவுடன், இத்தகையோரைச் சிறையில் அடைத்தல் வேண்டும் என்ற குரல் எந்நாட்டிலும் எழுகின்றது. அக்குரலில் நியாயம் உண்டு. ஓர் உயிரை மாய்த்தவன் சிறிது பணம் கட்டிவிட்டு வீடு செல்லுதல் அறவுணர்ச்சி உடையார்க்கு ஒவ்வாது. ஆயின், தண்டனையைக் கூட்டுவதால் நாளை அதே வீதியைக் கடக்கவிருக்கும் வேறொரு குழந்தை காக்கப்படுமோ என்பது முற்றிலும் வேறான வினா. முன்னையது நீதி பற்றியது. பின்னையது விளைவு பற்றியது. இவ்விரண்டனையும் ஒன்றாக்கிப் பேசுதலாலேயே இத்துறையிற் பெருமயக்கம் விளைந்துள்ளது. பின்னைய வினாவுக்கு விடை, சட்டம் மாறிய நாடுகளில் விபத்துக் கணக்கு எவ்வாறு மாறிற்று என்று நோக்குவதாலேயே பெறப்படும்.

தண்டனை அச்சம் விளைப்பதற்கு அதன் கடுமையிலும், அது தப்பாது வந்தெய்தும் என்னும் உறுதியே பெரிதும் வேண்டற்பாலது என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் வாதித்தார். குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையேயுள்ள காலம் குறுகியதாதல் வேண்டும் என்பதும் அவர் கருத்து. ஆங்கிலேய அறிஞர் பெந்தம் இதனைப் பின்னர் விரித்துரைத்தார். கடுமை, உறுதி, விரைவு என்னும் மூன்றும் இவ்வாறு தண்டவியலின் அடிப்படைகளாயின. எனினும், இம்மூன்றனுள் எது வலியது என்பதை அவர்கள் தருக்கத்தால் நிறுவினரேயன்றி எண்ணிக்கையால் நிறுவினரல்லர். களவு போன்ற குற்றங்களிலே அவ்வாறு நிறுவுதல் எளிதுமன்று. பொலிசார் விழிப்படைந்தாற் பதிவாகும் களவுகளின் தொகை கூடும், சோம்பியிருந்தாற் குறையும். வீதியில் மாண்டாரின் தொகை அத்தகையதன்று. பொலிசார் விழித்திருப்பினும் உறங்கினும் பிணங்களின் எண்ணிக்கை மாறாது. பெக்காரியாவின் கொள்கையை அளந்து பார்ப்பதற்கு மோட்டார் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று எனின் மிகையன்று.

பிரித்தானியாவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். வீதியிலே குடிமயக்கத்துடன் வண்டியையோ குதிரையையோ நீராவி இயந்திரத்தையோ தன் பொறுப்பில் வைத்திருத்தல் குற்றம் என்று அந்நாட்டுச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே விதித்தது. 1897ஆம் ஆண்டில் இலண்டன் நகர வாடகை வண்டிச் சாரதி ஒருவர் குடித்துவிட்டு வண்டியைக் கட்டடமொன்றின்மீது மோதியமைக்காக 25 சிலிங் தண்டம் இறுத்தார். அதன்பின் வந்த 1925, 1930, 1956, 1962ஆம் ஆண்டுச் சட்டங்கள் தண்டனையையும் குற்றத்தின் வரைவிலக்கணத்தையும் மாற்றிக்கொண்டே வந்தன. ஆயினும் ஒரு குறை நீடித்தது. சாரதி வண்டியைச் செவ்வனே செலுத்தும் ஆற்றலை இழந்திருந்தான் என்பதை வழக்குத் தொடுப்போர் நிறுவ வேண்டியிருந்தது. கோடொன்றின்மீது நேராக நடந்தானா, சொற்கள் குழறினவா என்று மருத்துவர் சாட்சி கூறுவர்; எதிரியின் மருத்துவர் அதனை மறுப்பர். யூரிமாருள்ளும் பலர் வண்டியோட்டுபவர். மாலையில் ஒரு கோப்பை அருந்துபவர். எதிரியின் இடத்திலே தம்மை வைத்து நோக்கி, ஐயத்தின் பயனை அவனுக்கே அளித்துவிடுவர். சட்டநூலிற் சிறைத்தண்டனை இருந்தது; அதனை எய்துவாரோ சிலர்.

போக்குவரத்து அமைச்சராயிருந்த பார்பரா காசில் அம்மையார் காலத்தில் நிறைவேறிய 1967ஆம் ஆண்டு வீதிப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அம்மையார் வண்டியோட்டத் தெரியாதவர் என்பதை அவரை எதிர்த்தோர் பெரிதாக எடுத்துக் கூறினர். வண்டியோட்டத் தெரிந்த அமைச்சர் பலர் செய்யாததை அவர் செய்தார். 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருப்பின், சாரதி நேராக நடப்பினும் கோணலாக நடப்பினும் குற்றவாளியே. இதனை வீதியிலேயே முதற்கண் சோதிப்பதற்குப் பொலிசாரிடம் ஒரு கருவி கொடுக்கப்பட்டது. கண்ணாடிக் குழாயொன்றில் அமிலம் தோய்ந்த பொற்றாசியம் இருகுரோமேற்றுப் பளிங்குகள் இருக்கும். சாரதி அதன் வழியாகப் பையொன்றை ஊதி நிரப்புவான். மூச்சிலே மதுசாரம் இருப்பின் மஞ்சள் நிறப் பளிங்குகள் பச்சையாக மாறும். அவ்வாறு மாறினாற் பொலிஸ் நிலையத்திலே குருதியோ சிறுநீரோ பெற்றுச் சோதிக்கப்படும். குற்றம் நிறுவப்படின் 12 மாதங்களுக்கேனும் வண்டி செலுத்தும் உரிமை பறிக்கப்படும்.

இங்கே கூர்ந்து நோக்கற்பாலது ஒன்று உண்டு. இச்சட்டம் தண்டனையைப் பெரிதாகக் கூட்டவில்லை. உரிமை பறித்தலும் தண்டப்பணமும் சிறையும் முன்னரே இருந்தவை. கூட்டியது அகப்படுவான் என்னும் எதிர்பார்ப்பையும், அகப்பட்டவன் தப்பான் என்னும் எதிர்பார்ப்பையுமே. சட்டம் 1967 ஒக்டோபர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வாரங்களிற் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் இதனையே பேசின. மதுச்சாலைக்காரர் தம் தொழில் அழிந்ததென்று அரற்றினர். முதலாண்டில் வீதிச்சாவுகள் ஏறத்தாழ 1,150 குறைந்தன என்று அரசாங்கம் அறிவித்தது.

இக்குறைவு சட்டத்தால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா? அமெரிக்கச் சமூகவியலறிஞர் லோறன்ஸ் றொஸ் என்பார் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே இவ்வினாவை எழுப்பி, எளியதும் நுண்ணியதுமான ஒரு வழியால் விடை கண்டார். அக்காலத்திலே பிரித்தானிய மதுச்சாலைகள் சட்டம் குறித்த வேளைகளில் மாத்திரமே திறந்திருந்தன. ஆகவே, மக்கள் குடித்துவிட்டு வண்டியோட்டும் நேரம் எது, குடியாது ஓட்டும் நேரம் எது என்று பிரித்தறிதல் இயலும். வெள்ளி, சனி இரவுகளிற் பத்து மணி முதல் விடியற்காலம் நான்கு மணி வரையுள்ள நேரத்தை ஒரு பக்கம் வைத்தார். மதுச்சாலைகள் மூடியிருக்கும், மக்கள் வேலைக்குச் செல்லும் வாரநாட் காலை வேளையையும் பிற்பகற் பொழுதையும் மறுபக்கம் வைத்தார். வார இறுதி இரவுகளில் மாண்டோரும் படுகாயமுற்றோரும் சட்டம் வந்த மாதத்திலேயே மூன்றில் இரு பங்கு குறைந்தனர். வேலைக்குச் செல்லும் வேளையிலோ யாதொரு மாற்றமும் இல்லை. வீதியைத் திருத்தியமையாலோ, மழை குறைந்தமையாலோ, வண்டிகளின் தரம் உயர்ந்தமையாலோ இது நிகழ்ந்திருப்பின் காலை விபத்துகளும் குறைந்திருத்தல் வேண்டும். அவை குறையாமையால், விளைவு சட்டத்தினாலாயது என்பது பெறப்பட்டது.

ஆனால் அந்த ஆய்வின் பிற்பகுதியே பெரிதும் சிந்திக்கத் தக்கது. 1970ஆம் ஆண்டின் முடிவளவில் அந்நன்மை ஏறக்குறைய முற்றாக மறைந்துவிட்டது. மாண்ட சாரதிகளுள் எல்லை கடந்த மதுசாரம் உடையோர் சட்டத்துக்கு முன்னர் நூற்றுக்கு 25 பேராக இருந்து, முதலாண்டிலே நூற்றுக்கு 15 பேராகக் குறைந்து, 1970களின் நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கினராகப் பெருகினர். சட்டம் மாறவில்லை, தண்டனை குறையவில்லை. பின் நிகழ்ந்தது யாது?

காசில் அம்மையாரின் முதல் எண்ணம் எவ்வண்டியையும் எவ்வேளையிலும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு அளிப்பதாகும். அது தனியாள் உரிமைக்கு மாறானது என்ற எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. மதுவருந்தினான் என்று ஐயுறக் காரணம் இருப்பினோ, போக்குவரத்து விதியை மீறினாலோ, விபத்து நேர்ந்தாலோதான் சோதிக்கலாம் என்று அமைந்தது. அச்சம் பரவிய முதன் மாதங்களில் மக்கள் தாம் நாள்தோறும் நிறுத்தப்படுவோம் என்றே எண்ணினர். மாதங்கள் சென்றன, தாமும் நிறுத்தப்படவில்லை, அயலாரும் நிறுத்தப்படவில்லை என்பதைக் கண்டனர். நீதிமன்றங்களிலே வழக்கறிஞர் சோதனை முறையிலுள்ள சிறு பிழைகளைக் காட்டி எதிரிகளை விடுவித்தனர். விபத்தின்பின், சோதனைக்கு முன்னர், நடுக்கம் தீரச் சட்டைப்பையிலிருந்த மதுவைக் குடித்தேன் என்று கூறித் தப்பினாரும் உளர். அறிந்துகொள்ள அறிந்துகொள்ள அச்சம் தேய்ந்தது.

இவ்விளக்கம் சரியானதென்பதற்கு 1975ஆம் ஆண்டிலே செசயர் மாகாணத்தில் ஒரு சான்று கிடைத்தது. அங்குள்ள பொலிஸ் தலைவர், புதிய சட்டம் எதனையும் வேண்டாது, இருந்த அதிகாரத்தை முற்றாகப் பயன்படுத்துமாறு ஆணையிட்டார். குடிக்கும் வேளைகளில் விதி மீறியோர், விபத்திற் பட்டோர் யாவரும் சோதிக்கப்படலாயினர். செய்தித்தாள்கள் ஆர்ப்பரித்தன. விபத்துகள் மீண்டும் குறைந்தன. முயற்சி ஓய்ந்ததும் பழைய நிலை திரும்பியது. இதனையும் ஆராய்ந்தவர் றொஸ் அவர்களே.

கடுந்தண்டனையை வேண்டுவோர் பன்னெடுங்காலமாக எடுத்துக்காட்டி வந்தது வட ஐரோப்பாவையே. நோர்வே 1936ஆம் ஆண்டில் 100 மில்லிலீற்றர் குருதிக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை விதித்தது. அதனைக் கடந்தவர் செல்வராயினும் வறியராயினும் குறைந்தது 21 நாட் சிறை புகுதல் பொது விதியாயிற்று. சுவீடின் 1941இல் இத்தகைய சட்டத்தை மேற்கொண்டது. விருந்துக்குச் செல்லும் தம்பதியருள் ஒருவர் மது தீண்டாதிருப்பர் என்று அந்நாடுகளுக்குச் சென்று வந்தோர் வியந்து எழுதினர். றொஸ் இந்நாடுகளின் விபத்துக் கணக்கையும் 1975இல் ஆராய்ந்தார். பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டைப் போல வளைகோடு திடீரென வீழ்ந்த இடம் ஒன்றேனும் அங்கே காணப்படவில்லை. கடுந்தண்டனையின் பயன் ஒரு பழங்கதையே என்று அவர் முடிவு கட்டினார்.

இம்முடிபு முழுதும் ஏற்கத்தக்கதன்று. ஒஸ்லோவின் குற்றவியற் பேராசிரியர் அந்தெநேசு என்பார், சட்டம் அச்சுறுத்துவதோடு அமையாது மெல்ல மெல்ல ஒழுக்கத்தையும் கற்பிக்கும் என்பர். ஒரு தலைமுறை கழிந்தபின், சிறைக்கு அஞ்சி அன்றி, இழிவு எனக் கருதியே ஒருவன் அச்செயலைத் தவிர்ப்பான். அத்தகைய மாற்றம் ஒரு மாதத்தின் கணக்கிற் புலப்படாது. இதனுள் உண்மை இருத்தல் கூடும். ஆனால் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றிருந்த, 1916 முதல் 1927 வரை வலிய மதுவகைகளை விலக்கியே வைத்திருந்த ஒரு நாட்டிலே, அவ்வொழுக்கத்தைச் சட்டம் படைத்ததா, அவ்வொழுக்கமே சட்டத்தைப் படைத்ததா என்று பிரித்துக் கூறுதல் அரிது. அந்நாடே 1988ஆம் ஆண்டிற் கட்டாயச் சிறையைக் கைவிட்டு, மதுசாரத்தின் அளவுக்கேற்பத் தண்டனையைப் படிமுறையாக வகுத்துக்கொண்டது.

கடுமையை மாத்திரம் கூட்டிப் பார்த்த இடம் சிக்காக்கோ. 1970ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அந்நகரப் போக்குவரத்து நீதிமன்றத் தலைமை நீதிபதி, மதுவருந்தி வண்டி செலுத்திக் குற்றவாளியாகக் காணப்படுவோர் யாவர்க்கும் ஏழு நாட் சிறை என்று அறிவித்தார். வீதிச்சாவுகள் குறைந்தன, வெற்றி என்று கொண்டாடினர். அயலிலுள்ள மில்வோக்கி நகரில் அத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லை. அந்நகரக் கணக்கோடு ஒப்பிட்டு ஆராய்ந்தோர், சிக்காக்கோவிற் கண்ட குறைவு ஆண்டுதோறும் இயல்பாக நிகழும் ஏற்றத்தாழ்வைக் கடந்ததன்று என்று காட்டினர். எண்கள் குறைந்த ஓராண்டைக் கண்டு சட்டத்தைப் புகழ்வதும், கூடிய ஓராண்டைக் கண்டு இகழ்வதும் அரசியல்வாதிகளுக்கு இயல்பு. மாணவர்க்கு அஃது ஆகாது.

கடுமை ஏன் பயன் தரத் தவறுகின்றது? குடித்தவன் அறிவு மயங்கியவன், அவன் தண்டனையை எண்ணான் என்பர். இது பாதி உண்மையே. வண்டியை வீட்டில் விட்டுச் செல்வதா, கொண்டு செல்வதா என்பதை அவன் மாலையிலே தெளிந்த அறிவோடு தீர்மானிக்கின்றான். அவ்வேளையில் அவன் நிறுக்கும் தட்டிலே இரு பொருள்கள் உள்ளன: அகப்பட்டால் நேரும் துன்பம், அகப்படும் வாய்ப்பு. மதுசார அளவுகருவி ஒன்றை 1954ஆம் ஆண்டில் ஆக்கிய பேராசிரியர் போர்க்கென்சுரைன், அமெரிக்காவிலே குடித்து வண்டி செலுத்தும் 2,000 முறைகளில் ஒருமுறையே ஒருவன் கைதாகின்றான் என்று மதிப்பிட்டார். பத்தாண்டுகளாக வாரந்தோறும் குடித்து வண்டி செலுத்தியும் ஒருமுறையேனும் நிறுத்தப்படாதவனுக்கு ஓராண்டுச் சிறையும் ஐந்தாண்டுச் சிறையும் ஒன்றே, இரண்டும் பிறர்க்குரியவை. அன்றியும், தண்டனை கடுமையாகுந்தோறும் அதனை வழங்குவோரின் கை தயங்குகின்றது. எதிரி இறுதிவரை வாதாடுவான், வழக்கு நீளும், யூரிமார் இரங்குவர், வழக்குத் தொடுப்போர் சிறு குற்றமொன்றை ஒப்புக்கொள்ளச் செய்து முடித்துவிடுவர். கடுமை கூடக் கூட உறுதியும் விரைவும் குறைகின்றன. தண்டத்தின் தோற்றம் பெரிதாகவும் அது வீழும்பொழுது அளவுடையதாகவும் இருத்தல் வேண்டும் என்று திருவள்ளுவர் வெருவந்தசெய்யாமை அதிகாரத்தில் அரசர்க்கு அறிவுறுத்தியதை இங்கே நினைவுகூரலாம்.

அகப்படும் வாய்ப்பை உண்மையாகவே கூட்டினால் விளைவது யாது என்பதை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் காட்டியது. பிரித்தானியா கைவிட்ட அதிகாரத்தை அம்மாநிலம் தன் பொலிசாருக்கு அளித்தது. 1982 டிசெம்பர் 17ஆம் நாள் முதல் வீதியோரத்திலே எவரையும், எக்காரணமும் காட்டாது, நிறுத்திச் சோதிக்கலாயினர். ஏறத்தாழ முப்பது இலட்சம் சாரதிகள் வாழும் மாநிலத்தில் முதலாண்டிலே பத்து இலட்சம் அளவிற் சோதனைகள் நடைபெற்றன. தான் சோதிக்கப்படாதவன் சோதிக்கப்பட்ட ஒருவனையேனும் அறிந்திருந்தான். 1982இல் 1,253 பேர் வீதிகளில் மாண்டனர். 1983இல் 966 பேர் மாண்டனர். பிரித்தானியாவிற்போல இந்நன்மை மூன்றாண்டுகளில் மறையவில்லை. சோதனைகள் தளராது தொடர்ந்தமையே காரணம். இதனை ஆராய்ந்த றொஸ் ஹோமல் என்பார் மற்றொன்றும் கண்டார். தோழர்கள் இன்னொரு கோப்பை எடு என்று வற்புறுத்தும்பொழுது, பொலிசார் வழியில் நிற்பர் என்று சொல்லி மறுத்தல் எளிதாயிற்று. தன் ஆண்மைக்கு இழுக்கின்றி மறுப்பதற்கு ஒரு சாக்கு! ஆயிரம் அறிவுரைகள் செய்யாததை அச்சாக்குச் செய்தது.

இதற்கு மாறான சான்றுகளும் உள. யப்பானிலே 1999ஆம் ஆண்டிற் பாரவண்டிச் சாரதி ஒருவர் மதுமயக்கத்தில் மோதி இரு சிறுமியர் எரிந்து மாண்டனர். 2006இல் புகுவோகா நகரில் மூன்று குழந்தைகள் மாண்டனர். ஒவ்வொரு துயரின் பின்னரும் தண்டனைகள் பன்மடங்காயின. மது ஊற்றிக் கொடுத்தவரும் உடன் பயணஞ் செய்தவரும் தண்டிக்கப்படலாயினர். 2000ஆம் ஆண்டில் 1,200க்கு மேற்பட்டிருந்த மதுசார்ந்த சாவு விபத்துகள் 2008ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ நான்கில் ஒன்றாயின. இதனைக் கடுமையின் வெற்றி என்று கூறாதிருத்தல் நேர்மையன்று. ஆனால் 2002இல் மூச்சிலுள்ள மதுசாரத்தின் எல்லையும் குறைக்கப்பட்டது. நாடு முழுவதும் கொதித்தெழுந்தது. ஊற்றிக் கொடுத்தவனையும் சட்டம் பற்றியமையால் விருந்தளிப்போர் அனைவரும் காவலராயினர். கடுமையும் உறுதியும் அங்கே பிரிக்கவியலாது கலந்துவிட்டன.

அமெரிக்காவின் வாசிங்ரன் மாநிலத்திலே 1995 முதல் 2011 வரை நிகழ்ந்த ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சோதனைகளை ஆராய்ந்த பொருளியலறிஞர் ஹான்சன், எல்லையைச் சிறிதே கடந்து தண்டிக்கப்பட்டோர், சிறிதே குறைந்து தப்பியோரிலும் பின்னர் அக்குற்றஞ் செய்வது குறைவு என்று 2015இல் நிறுவினார். மேலும் கடுமையான தண்டனைக்குரிய மேலெல்லையிலும் இத்தகைய குறைவு காணப்பட்டது. ஆகவே கடுமைக்குப் பயனே இல்லை என்பது தவறு. அகப்பட்டவனை அது திருத்துகின்றது. அகப்படாதவனுக்கு அஃது எட்டுவதில்லை என்பதே பொருந்தும். அந்நாட்டின் 32 மாநிலங்களை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, கட்டாயத் தண்டப்பணத்தால் ஓரளவு நன்மை விளைந்தது என்றும் கட்டாயச் சிறையால் விளைந்ததற்குத் தெளிவான சான்று இல்லை என்றும் கண்டது. 46 மாநிலங்களை நோக்கிய ஆய்விலே, பிடிபட்டவுடனே அனுமதிப்பத்திரத்தைப் பறித்தலாற் குடிசார்ந்த சாவு விபத்துகள் நூற்றுக்கு 5 அளவிற் குறைந்தன. மாதங்கள் கழிந்து தீர்ப்பின்பின் பறித்தலாற் குறைந்தமை புலப்படவில்லை. தண்டனை ஒன்றே, காலம் மாத்திரம் வேறு.

தண்டனையைக் கூட்டுவதற்குப் பாராளுமன்றத்துக்கு ஒரு பிற்பகல் போதும், செலவும் இல்லை. வெள்ளி இரவுதோறும் வீதியிற் பொலிசாரை நிறுத்துவதற்கு ஆளும் பணமும் ஆண்டுகள்தோறும் வேண்டும். அரசாங்கங்கள் முன்னையதை நாடுவதற்கு இதனினும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஸ்கொத்லாந்து 2014 டிசெம்பர் 5ஆம் நாள் மதுசார எல்லையை 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைத்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் எல்லை அப்பொழுது 80ஆகவே இருந்தமையால் ஒப்பிடுதல் எளிதாயிற்று. கிளாஸ்கோப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட முடிவின்படி, ஸ்கொத்லாந்தின் வீதி விபத்துகள் அம்மாற்றத்தால் குறையவில்லை. வீதியோரச் சோதனைகள் போதிய அளவிற் கூட்டப்படாமையே அதற்கு ஏற்ற விளக்கமாகலாம் என்று அவர்கள் கருதினர்.